இறங்க மட்டும் அனுமதி

சுனாமி வந்து பத்தாம் மாதம், நாவலடி உதயரூபன் தோணிக்கு ஓர் எஞ்சின் கேட்டுப் போய் விமானியாகத் திரும்பி வந்தான்.

அவனில் பிழை சொல்ல முடியாது. கடல் அவனுடைய தகப்பனையும் தோணியையும் எஞ்சினையும் ஒரே காலையில் கொண்டு போயிருந்தது. தாய் கண்ணகையும் அவனும் திராய்மடு முகாமில் தகரக் கொட்டில் ஒன்றில் இருந்தார்கள். கல்லடியில் ஒரு வெளிநாட்டு நிதியம் மீனவருக்கு எஞ்சின் கொடுக்கிறது என்று கேள்விப்பட்டு விடியவே போய் வரிசையில் நின்றான். மத்தியானம்தான் அவன் முறை வந்தது.

“எஞ்சின் பட்டியல் மூடியாச்சு தம்பி,” என்றார் மேசைக்குப் பின்னால் இருந்தவர். “இப்ப ஆகாயப் பட்டியல்தான் திறந்திரிக்கி.”

“அதில என்ன தருவீங்க?”

“விமானி, விமானம் திருத்துற ஆள். ரெண்டில ஒண்டுக்குக் கோடு போடு.”

எஞ்சினைப் பற்றி ஏதாவது சொல்லித் தருவார்கள் என்று எண்ணி, திருத்துகிற ஆளுக்குக் கோடு போட்டான். அந்தப் பகுதியில் இடமெல்லாம் சிபாரிசுக் கடிதம் கொண்டு வந்தவர்களுக்குப் போய்விட்டது. சிபாரிசு இல்லாதவர்கள் விமானிகளாக்கப்பட்டார்கள்.

நிதியம் இந்த முடிவுக்குச் சும்மா வரவில்லை. ஆறு மாதம் ஆய்வு நடத்தியிருந்தது. கொட்டில் கொட்டிலாகப் போய், “கடலைப் பார்க்கும்போது மனதில் என்ன தோன்றுகிறது?” என்று கேட்டார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவளிடமும் கேட்டார்கள். நூற்றுக்கு எண்பத்தேழு பேர் “பயம்” என்றார்கள். ஆகவே இந்த மக்களுக்கு இனிக் கடல் வேண்டாம் என்று அறிக்கை எழுதப்பட்டது. கடல் போனால் மிஞ்சுவது தரையும் வானமும். தரையில் ஏற்கெனவே வேறு நிதியங்கள் இறங்கியிருந்தன. இப்படித்தான் வாவிக்கரையில் பூட்டிக் கிடந்த ஒரு நெல்லு மில்லில் ‘கிழக்கு வான்வழி வாழ்வாதார மேம்பாட்டு நிலையம்’ பிறந்தது.

சேருவதற்கு ஓர் அத்தாட்சி வேண்டியிருந்தது. விண்ணப்பதாரர் உயரத்துக்குப் பயப்படாதவர் என்று கிராம சேவகர் உறுதிப்படுத்த வேண்டும். கிராம சேவகர் படிவத்தை முன்னும் பின்னும் பார்த்தார்.

“நான் உன்னை உயரத்தில கண்டதில்லையே. ஏறிக் காட்டு.”

முகாமின் தண்ணீர்த் தாங்கியில் உதயரூபன் ஏறினான். மேலே போனதும் தலை சுற்றியது. கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டான். அவன் ஒருபடியாகக் கீழே வந்து சேர்ந்தபோது கிராம சேவகர் கையெழுத்து வைத்துவிட்டு வேறொரு மரண விசாரணைக்குப் போயிருந்தார்.

நிலையத்தின் பணிப்பாளர் வினாயகமூர்த்தி. வளைகுடா நாடொன்றின் விமான நிலையத்தில் பதினொரு வருடம் இருந்தவர். அங்கே என்ன செய்தார் என்று கேட்டால் “எல்லாம்” என்பார். பட்டணத்துத் தையல்காரனிடம் சொல்லி, வெள்ளைச் சட்டையின் தோளில் நாலு பொன்னிறக் கோடு தைப்பித்திருந்தார். விமானி மாணவருக்கும் ஆளுக்கொரு கோடு கொடுக்கப்பட்டது. தொப்பியும் படம் வைத்த அடையாள அட்டையும் கிடைத்தன. அட்டையில் ‘விமானி’ என்று பெரிதாகவும் ‘பயிலுனர்’ என்று பொடியாகவும் அச்சடித்திருந்தது. வீதியில் இறங்கினால் சீருடையோடுதான் இறங்க வேண்டும் என்பது நிலையத்தின் முதல் சட்டம்.

இரண்டாவது சட்டம், விமானம் எப்போது வரும் என்று கேட்கக் கூடாது.

“விமானம் என்பது ஒரு பொருள்,” என்று தொடக்க விழாவில் பணிப்பாளர் முழங்கினார். “பொருளை எவரும் வாங்கலாம். நாம் இங்கே மனப்பாங்கை உருவாக்குகிறோம். மனப்பாங்கு வந்துவிட்டால் விமானம் தானாக வரும். மனப்பாங்கு இல்லாதவனிடம் பத்து விமானம் இருந்தும் என்ன பயன்? அவற்றை அவன் ஓட்டித் தீர்த்துவிடுவான்!”

கை தட்டினார்கள். உதயரூபனும் தட்டினான். ஓட்டுவதில் என்ன கெடுதல் என்று வீடு போகும் வரை யோசித்தான்.

விமானம் சுவரில் இருந்தது. சினிமாப் பதாகை கீறும் ஒருவர் மில்லின் நீளச் சுவர் முழுக்க அதை வரைந்திருந்தார். ஜன்னலில் தெரிந்த விமானிக்கு முறுக்கு மீசை. வாலில் ஒரு தாமரைப் பூ.

விமானம் திருத்தும் பகுதிக்கு ஆசிரியர் காத்தான்குடி ஹலீம். மோட்டார்சைக்கிள் திருத்துகிறவர். முதல் நாளே, அந்தப் பகுதி வாசலில் வந்து எட்டிப் பார்த்த உதயரூபனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

“தம்பி, நான் பொய் செல்ல மாட்டன். எனக்குத் தெரிஞ்சது ஹொண்டாவும் யமஹாவும்தான். எஞ்சின் எண்டு கேட்டாங்க, ஓம் எண்டு வந்துட்டன். உனக்கு ஆசையெண்டா பின்னேரம் வா. கார்ப்பரேட்டர் கழட்டக் காட்டித் தாறன். உங்கட பெரியவருக்குச் செல்லிப் போடாத.”

மூன்றாம் மாதம் கொழும்பிலிருந்து ஒரு கடிதம் வந்தது. நிலையம் கேட்டிருந்த அனுமதிக்கான பதில். கிழக்கு மாகாணத்து இளைஞர் விமானப் பயிற்சி பெறுவதில் ஆட்சேபமில்லை, ஆனால் பாதுகாப்புக் காரணங்களுக்காக, மேலெழும்புதல் சம்பந்தமான எந்தப் பயிற்சிக்கும் வேறோர் அமைச்சின் தனி அனுமதி வேண்டும், தரையிறங்குதலுக்குத் தடையில்லை.

வேறு யாரென்றாலும் கதவைப் பூட்டியிருப்பார்கள். வினாயகமூர்த்தி அன்று பின்னேரமே எல்லோரையும் கூட்டினார்.

“மேலே ஏறுவது எந்தக் காகத்துக்கும் முடியும்! இறங்குவதில்தான் கல்வி இருக்கிறது. இன்று முதல் ஆசியாவிலேயே தரையிறங்குதலை மட்டும் தனித் துறையாகக் கற்பிக்கும் ஒரே நிலையம் நாங்கள்.”

பாடத்திட்டம் திருத்தப்பட்டது. மாணவர்கள் வாங்குப் பலகையில் நின்று, கைகளை விரித்து, முழங்காலை மடித்து, சத்தமில்லாமல் நிலத்தில் குதிக்க வேண்டும். ஒரு சிக்கல் வந்தது. வாங்கில் ஏறுவது மேலெழும்புதல் ஆகாதா? பணிப்பாளர் இரண்டு நாள் சிந்தித்துச் சுற்றறிக்கை வெளியிட்டார். வகுப்பு தொடங்கும்போது மாணவர் ஏற்கெனவே வாங்கின் மேல் இருக்க வேண்டும். அவர்கள் எவ்வாறு அங்கு சென்றார்கள் என்பதை நிலையம் அறியாது. அதன்பின் காலையில் ஆசிரியர்கள் சுவர்ப்பக்கம் திரும்பி நிற்பார்கள். மாணவர் ஏறுவார்கள். பிறகு மணி அடிக்கும்.

கிருஷாந்தினி என்ற பிள்ளை பூனைபோலக் குதித்து ‘மென்மையான தரையிறக்கம்’ பதக்கம் வாங்கினாள். உதயரூபனுக்குக் கணுக்கால் பிரண்டது. விபத்து விசாரணைக் குழு கூடி, வானிலையைக் காரணமாகப் பதிந்தது.

பிறகு வந்தது பரிசோதனைப் பதிவேடு. பறப்பதற்கு முன் விமானி விமானத்தைச் சுற்றிப் பார்த்து ஒப்பமிட வேண்டும் என்று நிதியத்தின் கைநூலில் இருந்தது. முதல் முறை உதயரூபனுடையது. படிவத்தில் ‘இடது இறக்கை’ என்பதற்கு நேரே ‘இல்லை’ என்று எழுதினான். ‘வலது இறக்கை: இல்லை.’ ‘சில்லு: இல்லை.’ பத்து நிமிடத்தில் பணிப்பாளரின் அறைக்கு அழைக்கப்பட்டான்.

“இல்லை எண்டு எழுதியிருக்கிறீர்.”

“இல்லாததைத்தானே சேர் எழுதின நான்.”

“படிவத்தில என்ன நிரல் இருக்கு? ‘நன்று’. ‘திருத்த வேண்டும்’. ‘இல்லை’ எண்டு ஒரு நிரல் இருக்கா?”

“இல்ல சேர்.”

“இல்லாத நிரலை உருவாக்கினது உம்முடைய முதல் குற்றம். சரி, சொல்லும். இறக்கையில ஏதும் பழுது கண்டீரா?”

உதயரூபன் சுவரை நினைத்துப் பார்த்தான். “சுண்ணாம்பு உரிஞ்சிரிக்கி.”

“அப்ப ‘திருத்த வேண்டும்’ எண்டு எழுதும். விமானி உண்மை எழுதப் பழக வேணும்.”

எழுதினான். ‘திருத்த வேண்டும்’ என்று எழுதினால் நிதியத்துக்கு மூன்று பிரதியில் விளக்கம் அனுப்ப வேண்டும் என்பது பிறகுதான் பணிப்பாளருக்குத் தெரிந்தது. மறுநாள் முதல் எல்லாம் நன்று. இறக்கை நன்று, எஞ்சின் நன்று, விமானம் நிற்கும் இடம் மட்டக்களப்பு, எந்நேரமும் பறக்கத் தயார். அவன் முறை வந்தபோதெல்லாம் கீழே கையெழுத்து: விமானி க. உதயரூபன். ஒரு வருடத்துக்கு மேல் இப்படியே பதிவேடு நிறைந்தது.

கண்ணகை ஒரு நாள் கேட்டாள்: “என்னதான் மனே படிப்பிக்காங்க அங்க?”

“இறங்க.”

“எதில இரிந்து?”

“அது இன்னும் வரல்லம்மா.”

சீருடை போட்ட மகனை முகாமில் நாலு பேர் பார்ப்பது அவளுக்கும் கொஞ்சம் பிடித்துத்தான் இருந்தது.

2007 மார்ச் மாதக் கடைசியில் ஓர் இரவு புலிகளின் விமானங்கள் கட்டுநாயக்கா விமானத் தளத்தில் குண்டு போட்டன. மறுநாள் காலை, நாடு முழுக்க ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், கல்லடிப் பாலத்துச் சோதனைச் சாவடிக்கு உதயரூபன் சைக்கிளில் வந்து சேர்ந்தான். சட்டம் சட்டம்தான் என்று வெள்ளைச் சட்டை, தோளில் கோடு, தலையில் தொப்பி. அட்டையைக் கேட்டார்கள். கொடுத்தான். அந்த வாரம் அவன் முறை என்பதால் பையில் பதிவேடும் இருந்தது.

அட்டையை வாசித்த பொலிஸ்காரர் இரண்டடி பின்வாங்கித் துவக்கை நிமிர்த்தினார். உதயரூபன் சைக்கிளை விழவிட்டுக் கைகளை உயர்த்தினான்.

பொலிஸ் நிலையத்தில் பொறுப்பதிகாரி கிழக்கில் பத்து வருடம் வேலை செய்தவர். தமிழ் பேசுவார்.

“நீ பிளேன் ஓட்டுறதா?”

“இல்ல சேர். நாங்க இறங்க மட்டும்தான்.”

“இறங்க?”

“ஓம் சேர். ஏற அனுமதி இல்ல.”

“ஏறாம எப்பிடி இறங்குறது?”

“அதைத்தான் சேர் நானும் ஒரு வருஷமா கேக்கன்.”

கன்னத்தில் அடி விழுந்தது. நக்கல் செய்கிறான் என்று நினைத்துவிட்டார். பிறகு பதிவேட்டைத் திறந்தார். பக்கம் பக்கமாகப் புரட்டினார். முகம் மாறியது.

“விமானம் மட்டக்களப்பில். பறக்கத் தயார். கையெழுத்து உன்னோடதா?”

“ஓம் சேர்.”

“எங்க ஒளிச்சு வைச்சிருக்கிறது?”

“சுவரில சேர்.”

அன்றைக்கும் மறுநாளைக்கும் அவனை நிலத்தில் இருக்க வைத்து அதே கேள்வியைக் கேட்டார்கள். அவன் அதே பதிலைச் சொன்னான். வேறு பதில் இருந்தால் சொல்லியிருப்பான். அந்த நாட்களில் உள்ளே போன எத்தனையோ பொடியன்கள் வெளியே வரவில்லை என்பது அவனுக்குத் தெரியும். வெளியே வேலியோரம் நின்ற கண்ணகைக்கும் தெரியும். இரண்டு நாளும் அவள் அந்த இடத்தை விட்டு அசையவில்லை.

மூன்றாம் நாள் வினாயகமூர்த்தியைக் கூப்பிட்டார்கள். எதற்கென்று சொல்லவில்லை. ஏதோ பாராட்டு வைபவம் என்று நினைத்தவர் தொப்பியோடு வந்து, கதிரையில் அமருமுன்பே தொடங்கிவிட்டார்.

“எமது நிலையம் இந்த மாகாணத்தின் வான்வழிச் சாதனை. நாற்பத்திரண்டு விமானிகளை நாம்…”

“நாப்பத்திரண்டா?” என்று பொறுப்பதிகாரி பேனாவை எடுத்தார்.

அப்போதுதான் பணிப்பாளர் மூலையில் இருந்த உதயரூபனைக் கண்டார். அவனுடைய வீங்கிய முகத்தைக் கண்டார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். பிறகு பேசிய பேச்சு அவர் வாழ்நாளில் பேசிய எல்லாப் பேச்சையும் விடத் தெளிவாக இருந்தது.

“சேர், சத்தியமாச் சொல்லுறன். அங்க விமானம் இல்ல. இருந்ததும் இல்ல, வரப்போறதும் இல்ல. இவனுகளுக்கு ஒரு மண்ணும் தெரியாது. விமானத்திட முன் எது பின் எது எண்டு கேட்டுப் பாருங்க, முழிப்பானுகள். நாங்க ஒண்டுமே படிப்பிக்கல்ல சேர். ஒண்டரை வருஷமா ஒரு நாள்கூடப் படிப்பிக்கல்ல.”

“நீ பெரிய பைலட் எண்டு சொல்லுறாங்க?”

“நான் ஏயர்போட்டில தள்ளுவண்டி சேர்த்த ஆள் சேர். பயணிகள் விட்டிட்டுப் போற வண்டிகளை ஒண்டுக்குள்ள ஒண்டு செருகிக் கொண்டு வந்து வைக்கிறது. பதினொரு வருஷமும் அதுதான்.”

பொறுப்பதிகாரி நம்பவில்லை. ஜீப்பில் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு மில்லுக்குப் போனார். கண்ணகையும் பின்னால் ஓடி வந்து சேர்ந்தாள். பொலிஸார் நெல்லுக் குழிகளையும் கூரையையும் கிளறினார்கள். ஒருவர் சுவரில் வரைந்திருந்த கதவை விரலால் தட்டி, காது வைத்துக் கேட்டார். பொறுப்பதிகாரி தாமரைப் பூவிலிருந்து முறுக்கு மீசை வரை மெதுவாக நடந்து பார்த்தார். மூலையில் ஹலீம் மட்டும் கிறீஸ் கையோடு ஒரு மோட்டார்சைக்கிளுக்குப் பக்கத்தில் எழுந்து நின்றார்.

“எழுதித் தா,” என்றார் பொறுப்பதிகாரி பணிப்பாளரிடம். “இவன் ஒண்டும் படிக்கல்ல எண்டு. சிங்களத்தில ஒண்டு, தமிழில ஒண்டு. சீல் வைச்சு. தந்தா விடுறன்.”

இங்கேதான் வினாயகமூர்த்திக்குத் தயக்கம் வந்தது. அடுத்த மாதம் நிதியத்தின் மதிப்பீட்டாளர்கள் வர இருந்தார்கள். வாயால் சொல்வது வேறு, கடிதத்தாளில் முத்திரை வைப்பது வேறு.

“சேர், ‘கற்றலின் இறுதி நிலையை இன்னும் எய்தவில்லை’ எண்டு போடட்டா? அது கொஞ்சம் கௌரவமா…”

கண்ணகை முன்னால் வந்தாள்.

“என்ன எழுதப் போறா நீ?” இரண்டு நாள் பட்டினி கிடந்த குரல் மில்லின் கூரையில் முட்டியது. “ஒண்டும் படிக்கல்ல எண்டு எழுது! மத்தத் தாய்மார் தங்கட புள்ள படிச்சவன் எண்டு எழுதித் தரச் சொல்லிக் கெஞ்சுவாளுகள். என்ட தலைவிதி, என்ட புள்ள மொக்கன் எண்டு எழுதித் தா எண்டு உனக்கிட்டக் கெஞ்சுறன். கடல் எடுத்தது போதும். மிச்சத்தையும் உன்ட சுவருக்குக் குடுக்க ஏலா. எழுது!”

எழுதினார். ‘மேற்படி க. உதயரூபன் எமது நிலையத்தில் முழுநேர மாணவராக ஒழுங்காகச் சமூகமளித்தும், விமானம் தொடர்பாக எதையும் கற்கவில்லை என்பதை இத்தால் உறுதிப்படுத்துகிறேன்.’ நிலையம் தொடங்கிய நாளிலிருந்து அதன் கடிதத்தாளில் எழுதப்பட்ட முதல் உண்மை அது. கீழே நீல முத்திரை விழுந்தது.

மறுநாள் விடிய மில்லு வாசலில் மற்ற நாற்பத்தொரு பேரின் தாய் தகப்பன்மார் நின்றார்கள். எல்லோருக்கும் அதே கடிதம் வேண்டும். கிருஷாந்தினியின் தகப்பன், தன் மகளுக்குப் பதக்கம் கொடுத்தது பிழை என்றும் சேர்த்து எழுதச் சொன்னார்.

உதயரூபன் அதன்பின் அங்கே போகவில்லை. ஹலீமும் நிலையத்து வேலையை விட்டுவிட்டார். காத்தான்குடியில் அவருடைய கடையில் சேர்ந்து தொழில் பழகினான். மோட்டார்சைக்கிளில் தொடங்கி, பிறகு தோணி எஞ்சினும் திருத்தினான். ஓடாமல் வந்தவை ஓடிப் போயின.

2009 இல் யுத்தம் முடிந்தது. அந்த வருடம் ஆவணியில் நிலையத்திலிருந்து ஓர் ஆள் அழைப்பிதழோடு வந்தான். முதலாவது அணியின் பட்டமளிப்பு. பழைய மாணவர் எல்லோரும் பெற்றோரோடு கட்டாயம் சமூகம் தர வேண்டும்.

“போகாத,” என்றார் ஹலீம்.

“போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வாறன் காக்கா,” என்றான்.

மில்லு வெள்ளையடித்துப் பந்தல் போட்டிருந்தது. நிதியத்திலிருந்து மூன்று வெள்ளைக்காரர்கள் மாலையோடு இருந்தார்கள். பக்கத்தில் கொழும்பிலிருந்து வந்த மொழிபெயர்ப்பாளர். வினாயகமூர்த்தியின் தோளில் இப்போது ஐந்து கோடு.

“மிகக் கொடிய காலத்தில்,” என்று அவர் ஒலிவாங்கியைப் பிடித்தார், “எத்தனையோ நிலையங்களில் படித்த இளைஞர் படித்த காரணத்தாலேயே ஆபத்தில் விழுந்தார்கள். எமது மாணவர் ஒருவருக்கும் ஒரு கீறலும் இல்லை! ஏன்? எமது கல்விமுறை அப்படி. ஆபத்தான எதையும் நாம் கற்பிக்கவில்லை. நாற்பத்திரண்டு உயிர்களைக் காத்த கல்வி இது!”

கைதட்டல் அடங்க, உதயரூபனைப் பேச அழைத்தார்கள். அவன் மேடையேறி, சட்டைப் பையிலிருந்து மடித்த கடிதத்தை எடுத்து, முத்திரையையும் திகதியையும் விடாமல் நிதானமாக வாசித்தான். “எதையும் கற்கவில்லை” என்ற இடத்தில் குரல் சற்றும் நடுங்கவில்லை. “இதை எழுதி வாங்க எனக்கு மூண்டு நாள் அடி விழுந்திச்சு,” என்று முடித்தான்.

மொழிபெயர்ப்பாளர் தொண்டையைச் செருமி, இங்கிலிசில் நீளமாக ஏதோ சொன்னார். வெள்ளைக்காரர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்தார்.

“என்ன சொன்னான் அந்த ஆள்?” என்று பட்டம் வாங்க மேடையில் நின்ற கிருஷாந்தினியிடம் உதயரூபன் கேட்டான்.

“நிலையம் எழுதித் தந்த கடிதத்தை நீங்க உயிராப் பாதுகாக்கிறீங்களாம், அதுதான் உங்களை இண்டைக்கு வாழ வைக்குதாம்,” என்றாள் அவள்.

முன்வரிசையில் இருந்த கண்ணகை எழுந்தாள். “அவன் அப்பிடிச் சொல்லல்ல! அவனுக்கு அடிச்ச தழும்பு இன்னும் இரிக்கி. பொய் சொல்லாத!” என்று மொழிபெயர்ப்பாளரைப் பார்த்துக் கத்தினாள். அவர் புன்னகை மாறாமல் வெள்ளைக்காரர்களிடம் குனிந்தார். தாய் எல்லோரையும் வாழ்த்துகிறார் என்று அதையும் மொழிபெயர்த்தார். மூன்று பேரும் அவளை நோக்கிக் கைகூப்பினார்கள்.

கண்ணகை பிளாஸ்டிக் கதிரையைத் தூக்கி மறுபக்கம் திருப்பிப் போட்டு, மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தாள். பட்டம் கொடுத்து முடிய ஒன்றரை மணித்தியாலம் ஆனது. அவள் ஒரு முறையாவது திரும்பிப் பார்க்கவில்லை. உதயரூபன் வந்து கையைப் பிடித்த பிறகே எழுந்தாள்.

அடுத்த வருடம் நிதியத்தின் ஆண்டறிக்கை வழுவழுப்பான தாளில் அச்சாகி வந்தது. அட்டைப் படத்தில் கண்ணகையின் முதுகு. கிருஷாந்தினி ஒரு பிரதியைக் கடைக்குக் கொண்டுவந்து, படத்தின் கீழே இருந்ததைக் கண்ணகைக்குத் தமிழில் வாசித்துக் காட்டினாள்: “மகனின் எதிர்காலத்தை வானத்தில் தேடும் தாய்.”

கண்ணகை படத்தைக் கையில் வாங்கிப் பார்த்தாள்.

“அந்தப் பக்கம் கக்கூசுதானே புள்ள இரிந்த,” என்றாள்.